உழுறவங்களுக்கா, பட்டாவுக்கா? – வாசகர் கேள்வி பதில்

2025 நவம்பர் 19-ம் தேதி கோயம்புத்தூர் வந்த பிரதமர் அங்க வச்சு, விவசாயிகளுக்கு மத்திய அரசு ரெண்டாயிரம் ரெண்டாயிரமா குடுக்கற பிஎம் கிசான் பணத்தோட 21-வது தவணைய விட்டார்ல, அதுக்கப்புறம் நமக்கு வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே கேள்விதான், பக்கத்து வீட்டுக்கு ரெண்டாயிரம் வந்துருச்சு, எனக்கு ஏன் வரல. தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம ராமநாதபுரம் கடக்கரையோரத்து ஆளுங்க கேட்டத மட்டும் இந்த தடவ எடுத்துக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நெறய பேர் சொன்னதால ஊர் பேரோட நிறுத்திக்கிறேன்.

கேள்வி: தாத்தா பேர்ல மூணு ஏக்கர் புஞ்சை இருக்கு. கூட்டுப்பட்டா, அதுல 11 பேர் பேர் ஓடுது. தாத்தா, அப்பா, சித்தப்பா மூணு பேரும் காலமாயிட்டாங்க, ஒரு அத்தை மலேசியாவுல செட்டில். பதினஞ்சு வருசமா அதுல முண்டு மொளகா போடுறது நான் மட்டும்தான். ஆபீஸ்ல போய் கேட்டா உங்க பேர்ல பட்டா இல்லனு ஒரே வார்த்தையில அனுப்பிடுறாங்க. – திருவாடானை பக்கம்

தம்பி, அவங்க சொல்றது வலிக்கும், ஆனா சட்டப்படி சரிதான். இந்த திட்டம் 2019 பிப்ரவரியில ஆரம்பிச்சப்பவே, நிலம் யார் பேர்ல பதிவா இருக்கோ அவங்களுக்குத்தான்னு எழுதிட்டாங்க. முதல்ல ரெண்டு ஹெக்டேர் வரைக்கும் வச்சிருக்கவங்களுக்கு மட்டும்னு இருந்துச்சு, 2019 ஜூன்ல அந்த அளவ எடுத்துட்டாங்க, ஆனா "பேர்ல இருக்கணும்"ங்கறத மட்டும் யாரும் தொடல. வருசத்துக்கு ஆறாயிரம், நாலு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டாயிரம், இது வெயில்ல நின்னு மொளகா பறிச்சவங்களுக்கா வருதுன்னா இல்ல, தாலுகா ஆபீஸ் ரெக்கார்டுல இருக்கற பேருக்குத்தான் வருது.

கூட்டுப்பட்டா இருந்தாலே கிடைக்காதுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. பட்டாவுல உங்க பேரும் ஒண்ணா இருந்தா உங்க பங்குக்கு நீங்க தனியா பதியலாம். உங்க சிக்கல், அதுல இருக்கறது தாத்தா பேரும் அப்பா பேரும், உங்க பேர் இல்ல. எல்லாரும் இந்த எடத்துலதான் பயந்து போய் உக்காந்துடுறாங்க, பாகம் பிரிக்கணும், பத்திரம் போடணும், சர்வேயர் வந்து கல்லு நடணும், அத்தை மலேசியாவுல இருந்து வரணும், இதெல்லாம் எப்ப நடக்கன்னு. அவ்வளவு தூரம் இப்பவே போக வேணாம். இறந்தவங்களோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ரெண்டையும் வச்சு, அவங்க பேருக்கு பதிலா வாரிசுங்க பேர சேக்கச் சொல்லி இ-சேவை மையத்துல பட்டா மாறுதலுக்கு மனு போடுங்க. நிலத்த பிரிக்காம பேர மட்டும் மாத்துற மனுவுக்கு உட்பிரிவு இல்ல, அதனால அளக்க வேண்டியதில்ல, சர்வேயருக்கு காத்து கெடக்க வேண்டியதும் இல்ல. பட்டா கூட்டாவே இருக்கும், ஆனா அதுல உங்க பேர் ஏறிடும், இந்த பணத்துக்கு அது போதும். மனு எங்கயாவது தேங்கி நின்னா, தாலுகாவுல வருசா வருசம் வருவாய்க் கணக்க சரிபாக்குற ஜமாபந்தி நடக்கறப்ப நேரா போய் திரும்ப குடுங்க, அன்னைக்கு எல்லா ரிஜிஸ்டரும் ஒரே மேசையில இருக்கும்.

அத்தையோட பங்கு அத்தைக்குத்தான், அத மறைச்சு வாரிசுச் சான்று வாங்குற வேலை மட்டும் வேணாம், பின்னாடி கோர்ட்டு வரைக்கும் போகும். அவங்களுக்கு வேணாம்னா பிறகு ஒருநாள் பங்க விட்டுக் குடுக்குற விடுதலைப் பத்திரம் எழுதிக்கலாம், வர முடியலனா அங்க இருக்கற இந்திய தூதரகத்துல பவர் எழுதி அனுப்பலாம்.

இன்னொன்னு. 2019 பிப்ரவரி 1-ம் தேதிய ஒரு கோடா வச்சிருக்காங்க, அதுக்கு அப்புறம் கிரயமா வந்த நிலம், தானமா வந்த நிலம்னா இடிக்கும், இறந்தவங்க வழியா வாரிசா வந்தா இடிக்காது. அதனால உங்க கேசுல வாரிசு வழிதான் நல்லது. அப்படியே 2025-ல கிராமம் கிராமமா முகாம் போட்டு விவசாயிகளுக்கு தனி அடையாள எண் குடுத்தாங்களே, அது வாங்கலனா பேர் ஏறின கையோட வாங்கிடுங்க, புதுசா சேர்றவங்கட்ட இப்ப அந்த நம்பரத்தான் கேக்குறாங்க.

கேள்வி: மூணு தவணை ஒழுங்கா வந்துச்சு, அதுக்கப்புறம் நின்னு போச்சு. கேஒய்சி (ஆதார வச்சு ஆள சரிபாக்குறது) முடிச்சாச்சு, லேண்ட் சீடிங்கும் (நிலப் பதிவ திட்டத்தோட இணைக்கறது) எஸ்னு காட்டுது. பேங்க்ல கேட்டா இங்க ஒண்ணும் வரலங்கிறாங்க. – தேவிபட்டினம்

அக்கா, பணம் வந்திருக்கும், நீங்க பாக்குற பேங்க்ல வந்திருக்காது. இது நெறய வீட்டுல நடக்குது. இந்த பணம் அக்கவுண்ட் நம்பர பாத்து வர்றதில்ல, ஆதார பாத்து வருது. உங்க ஆதார் கடைசியா எந்த பேங்க்ல இணைஞ்சுச்சோ அங்க போய் விழுந்துடும். நடுவுல எங்கயாவது புது கணக்கு தொறந்திருப்பீங்க, நூறு நாள் வேலைக்குனு, மகளிர் குழு லோனுக்குனு, போஸ்ட் ஆபீஸ் பேமெண்ட்ஸ் பேங்க்ல தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வச்சு தொறந்து குடுத்ததுனு, அந்த பாஸ்புக்க எல்லாம் பொட்டியில இருந்து எடுத்து எண்ட்ரி போட்டு பாருங்க. அப்படியும் தெரியலனா பேங்க்ல "என் ஆதார் என்பிசிஐ-ல எந்த பேங்க்கோட இருக்கு"னு இதே வார்த்தையில கேளுங்க. ஆதார் லிங்க் ஆயிருக்கானு கேட்டா ஆயிருக்குனு சொல்லி அனுப்பிடுவாங்க, ரெண்டும் வேற வேற, ஆதாருக்கு வர்ற பணம் எந்த பேங்க்குக்கு போகணும்னு கணக்கு வச்சிருக்கறது என்பிசிஐ-தான்.

கேள்வி: எங்க அம்மாவுக்கு கைரேகை விழமாட்டேங்குது. காலமெல்லாம் ஓலை முடைஞ்ச கை, மிஷின்ல எந்த விரல வச்சாலும் செவப்பாவே காட்டுது. போனும் கிடையாது. – சாயல்குடி

கைரேகை இல்லாமலே முடிக்கலாம். பிஎம் கிசான் செயலியில முகத்த காட்டி கேஒய்சி பண்ற வசதி 2023-லயே வந்துருச்சு. உங்க போன்லயே இறக்கி அம்மா முகத்துக்கு நேரா பிடிச்சு, கண்ண சிமிட்டச் சொன்னா சிமிட்டணும், அவ்வளவுதான். வீட்டுக்குள்ள இருட்டுல பண்ணாதீங்க, திண்ணைக்கு கூட்டி வாங்க, வெளிச்சம் இல்லனா அதுவும் அடம்பிடிக்கும்.

கேள்வி: நான் வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல பங்கு குடுத்து உழுறேன். ரெண்டு ஏக்கர் ஊர்க்காரர் நிலம், ஒரு ஏக்கர் கோயில் நிலம். விதை, உரம், ஆள் கூலி எல்லாம் என் காசு. நிலத்துக்காரர் மதுரையில இருக்கார், ரெண்டாயிரம் அவருக்கு வருது. இது நியாயமா? – உப்பூர் பக்கம்

நியாயம் இல்லண்ணே. இதுக்கு சுத்தி வளைச்சு பதில் சொல்ல எனக்கு இஷ்டம் இல்ல. பிஎம் கிசான்ல குத்தகைக்காரருக்கும் வாரக்காரருக்கும் எடமே கிடையாது, கோயில் நிலமா இருந்தாலும் வக்ஃப் நிலமா இருந்தாலும் அது நிறுவனத்து நிலம், அத உழுறவருக்கும் கிடையாது. யார் உழுறானு கண்டுபிடிக்கறது கஷ்டம்னு சொல்லுவாங்க. ஒடிசாவுல 2019-ல விவசாயிகளுக்கு பணம் குடுக்க 'காலியா'ங்கற திட்டம் கொண்டு வந்தப்ப நிலம் இல்லாத விவசாயக் குடும்பங்களையும் சேத்தாங்க, ஆந்திராவுல அதே வருசம் ரைத்து பரோசாவுல குத்தகை விவசாயிகள்ல ஒரு பகுதிய சேத்தாங்க. மனசு இருந்தா வழி இருக்குனுதான் தெரியுது.

ஆனா உங்களுக்கு உரிமை இருக்கற எடத்துல விட்டுக் குடுத்துடாதீங்க. பயிர்க் காப்பீட்டுல குத்தகைக்காரர், வாரக்காரர் ரெண்டு பேருமே சேரலாம், அதுக்கு வேண்டியது வி.ஏ.ஓ. குடுக்குற அடங்கல்ல, அதாவது எந்த நிலத்துல யார் என்ன பயிர் வச்சிருக்காங்கனு எழுதுற கணக்குல, சாகுபடி பண்றவர்னு உங்க பேர் வர்றதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல போடறதுக்கும் அந்த சாகுபடி சான்றுதான் கேப்பாங்க. 2025 செப்டம்பர்ல இருந்து குவிண்டாலுக்கு பொது ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபா, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும், பணம் கணக்குக்கு வரும். ஒரு மூட்டை நெல்ல வியாபாரிட்ட போடறதுக்கும் அங்க போடறதுக்கும் இருக்கற வித்தியாசத்த கணக்கு பாத்தா இந்த ரெண்டாயிரத்துக்கு ஏங்க வேண்டியதே இருக்காது. அதனால விதைச்ச கையோட அடங்கல் எழுதுற நேரத்துல வி.ஏ.ஓ.வ வயலுக்கு கூட்டிட்டுப் போய் காட்டுங்க. அறுக்கப் போறப்ப போய் நின்னா யாரும் எழுத மாட்டாங்க.

குத்தகைய பதிவு பண்ண 1969-லயே தமிழ்நாட்டுல தனி சட்டம் போட்டிருக்காங்க, குத்தகை உரிமைப் பதிவேடு சட்டம். ஆனா பதிஞ்சா நிலம் கைய விட்டு போயிடும்னு நிலத்துக்காரருக்கு பயம், பதியச் சொன்னா அடுத்த வருசம் நிலமே கிடைக்காதுனு உழுறவருக்கு பயம், சட்டம் பாட்டுக்கு புஸ்தகத்துல இருக்கு. கோயில் நிலத்துக்கு மட்டும் குத்தகை ரசீது உங்க பேர்ல வாங்கி பத்திரமா வைங்க, அது ஒண்ணுதான் அங்க உங்களுக்கு பேசும்.

கேள்வி: மகன் துபாயில நல்ல சம்பளத்துல இருக்கான், அதனால எனக்கு கட் ஆகிடுமா? – கீழக்கரை

ஆகாது பாய். இவங்க கணக்குல குடும்பம்னா கணவன், மனைவி, 18 வயசு ஆகாத பிள்ளைங்க, அவ்வளவுதான். மேஜரான மகன் எவ்வளவு சம்பாதிச்சாலும் அது தனி. நீங்க வருமான வரி கட்டுனாலோ, மாசம் பத்தாயிரமோ அதுக்கு மேலயோ பென்சன் வாங்குனாலோ கட். உங்க பேர்லயும் வீட்டுல அவங்க பேர்லயும் ரெண்டு நிலம் இருந்து ரெண்டு பேருக்கும் வந்துட்டு இருந்தா ஒண்ண நீங்களாவே நிறுத்திடுங்க, பின்னாடி திரும்பக் கட்டச் சொல்லுவாங்க.

கேள்வி: நாங்க கடல்பாசி வளக்குறோம். மூங்கில் மிதவை கட்டி, விதைப்பாசி கட்டி, 45 நாள்ல அறுக்குறோம். எங்களுக்கு மட்டும் ஏன் விவசாயிக்கு குடுக்கற பணம் இல்ல? – பாம்பன்

நியாயமான கேள்விதான், விதைக்கிறீங்க, அறுக்குறீங்க, வெயில் அதிகமானா நஷ்டப்படுறீங்க. ஆனா கடலுக்கு பட்டா கிடையாதே தாயி. பிஎம் கிசான் உங்களுக்கு வராது. உங்களுக்கு உள்ளது மீன்வளத்துறை பக்கம், 2020-ல வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல மிதவைக்கு மானியம் இருக்கு, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் திட்ட மதிப்புல 60 சதவீதம், மத்தவங்களுக்கு 40. அதனால மனு போடறப்ப குழுவுல பொம்பளைங்க பேர்ல போடுங்க, உண்மையிலயும் இடுப்பளவு தண்ணியில நின்னு பாசி கட்டுறது அவங்கதான. கிசான் கிரெடிட் கார்டும் 2018-19-ல இருந்து மீனவர்களுக்கு உண்டு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துக்கு குடுக்கற நிவாரணம் இப்ப 8,000 ரூபா, அது வேற கணக்கு, பாசிக்கு சம்மந்தம் இல்ல, மீனவர் குடும்பமா பதிவு இருந்தா வரும். வளமாவூர்ல 127 கோடிக்கு கடல்பாசி பூங்கானு அடிக்கல் நாட்டினாங்க, அதுல இருந்து நல்ல விதைப்பாசி கைக்கு வந்தா மானியத்த விட அதுதான் உங்களுக்கு பெரிய உதவி.

கேள்வி: என் வயல் முழுக்க மழையில மூழ்கி அழுகிப் போச்சு. காப்பீடு கட்டியும் ஒத்த பைசா வரல, பக்கத்து கிராமத்துக்கு மட்டும் வந்திருக்கு. கட்டுன பணம் எங்க போச்சு? – ஆர்.எஸ். மங்கலம்

இந்த கோவம் நம்ம மாவட்டத்துல எல்லா வருசமும் கேக்குற கோவம். எப்படி கணக்கு போடுறாங்கனு ஒரு தடவ முழுசா சொல்லிடுறேன், அப்புறம் யார திட்டணுமோ திட்டிக்கலாம்.

நெல்லுக்கு நீங்க கட்டுறது காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம், மொளகா மாதிரி தோட்டப்பயிருக்கு அஞ்சு சதவீதம், மீதி பிரீமியத்த மத்திய அரசும் மாநில அரசும் கட்டுது. ஆனா இந்த காப்பீடு உங்க வயலுக்கு இல்ல, உங்க வருவாய் கிராமத்துக்கு. கிராமத்துல குலுக்கல் மாதிரி சர்வே நம்பர் எடுத்து நாலு எடத்துல அறுப்பாங்க. வயலுக்குள்ள அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, நாலு மூலையிலயும் முளை அடிச்சு, அதுக்குள்ள இருக்கறத மட்டும் அறுத்து அடிச்சு தூத்தி எடை போடுவாங்க. அந்த நாலு எடத்து சராசரிதான் உங்க கிராமத்து மகசூல். அத பழைய ஏழு வருசத்துல நல்லா விளைஞ்ச அஞ்சு வருசத்து சராசரிய வச்சு போட்ட அளவோட ஒப்பிடுவாங்க. கணக்கு புரியறதுக்காக சொல்றேன், அந்த அளவு ஆயிரம் கிலோனு வச்சுக்கங்க, இந்த வருசம் அறுநூறு வந்தா குறைஞ்சது 40 சதவீதம், காப்பீட்டுத் தொகை முப்பதாயிரம்னா பன்னெண்டாயிரம் வரும், கிராமத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஆயிரத்தையோ அதுக்கு மேலயோ தொட்டுருச்சுனா யாருக்கும் ஒண்ணும் இல்ல. உங்க வயல் பள்ளக்கால்ல இருந்து அழுகியிருக்கும், மேட்டுக்கால்ல நாலு எடம் தேறியிருக்கும், கதை அங்க முடிஞ்சுருச்சு.

நம்ம ஊர் மாதிரி கம்மாய்க்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு விளையற மானாவாரி பூமிக்கு இந்த சராசரி கொஞ்சமும் ஒத்து வராதுங்கறது என் அபிப்பிராயம். அதுலயும் நெல்லு தண்ணியில மூழ்குறத தனி வயல் பாதிப்பா எடுத்துக்கறத 2018-ல தூக்கிட்டாங்க, இப்ப 2026 காரீஃப் சாகுபடிப் பருவத்துல இருந்து திரும்ப சேக்கறதா அறிவிச்சிருக்காங்க, காட்டுப்பன்னி மாதிரி விலங்கு பாதிப்பும் சேருது. அப்படி வந்துட்டா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லியாகணும், 14447 நம்பர எழுதி வைங்க. இத விட முக்கியம், உங்க கிராமத்துல அறுப்பு பரிசோதனை என்னைக்கு எந்த சர்வே நம்பர்லனு கேட்டு அன்னைக்கு போய் கயிறு கட்டுற எடத்துல நில்லுங்க. ஊர் ஆளுங்க நாலு பேர் நின்னா தராசு ஒழுங்கா இருக்கும்.

காப்பீடு வரலனாலும் அரசு நிவாரணம் தனி. பேரிடர் நிதி விதிப்படி 33 சதவீதமோ அதுக்கு மேலயோ பயிர் போயிருந்தா ஹெக்டேருக்கு மானாவாரி 8,500, பாசனப் பயிர் 17,000 ரூபா, ரெண்டு ஹெக்டேர் வரைக்கும். வி.ஏ.ஓ.வும் வேளாண்மைத்துறை ஆளும் சேந்து கணக்கெடுக்க வர்றப்ப, கம்மாப் பாசனத்து வயல மானாவாரினு எழுதுறாங்களா பாத்துக்கங்க, அந்த ஒரு வார்த்தையில பாதி பணம் போயிடும்.

கேள்வி: மச்சான் அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல இருக்கான். அங்க விவசாயிக்கு லட்சக்கணக்குல குடுக்கறாங்களாம், சும்மா போட்டு வச்ச நிலத்துக்குக் கூட காசாம். அளக்குறானா, உண்மையா? – தொண்டி

அளக்கல, உண்மைதான். அங்க கவுண்டினு சொல்றது நம்ம மாவட்டம் தாலுகா மாதிரி ஒரு பிரிவு, அங்கங்க விவசாயத்துறை ஆபீஸ் இருக்கும், விவசாயிங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த கமிட்டியும் உண்டு. மக்காச்சோளம், சோயா, கோதுமை விலை குறிப்பிட்ட அளவுக்கு கீழ போனா வித்தியாசத்த அரசு குடுக்கும். ஒரு ஆளுக்கு வருசத்துக்கு ரொம்ப காலம் 1,25,000 டாலர்னு உச்சவரம்பு இருந்துச்சு, 2025 சட்டத்துல 1,55,000 ஆக்கிட்டாங்க. சும்மா போடறதுக்கு காசும் நெசம், மண் அரிக்கிற நிலத்த பத்து பதினஞ்சு வருசம் உழாம புல்லு போட்டு வச்சா வாடகை மாதிரி குடுக்கற திட்டம் 1985-ல இருந்து ஓடுது. நம்ம பக்கம் அப்படி ஒண்ணு வந்தா சீமைக்கருவேலம் வச்சிருக்கற அத்தனை பேரும் பணக்காரன்.

ஆனா மச்சான் சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. அங்க நிலத்த ரொக்க குத்தகைக்கு விட்டுட்டா பணம் உழுறவருக்குத்தான், நிலத்துக்காரருக்கு கிடையாது. வாரத்துக்கு விட்டா ரெண்டு பேருக்கும் பங்குப்படி. யாருக்கு நஷ்டம் வருமோ அவருக்கு மானியம். உப்பூர் அண்ணன் இத படிக்கணும்.

கேள்வி: வாட்ஸ்அப்ல பிஎம் கிசான்னு ஒரு ஃபைல் வந்துச்சு, தொட்டா பணம் வரும்னு. – மண்டபம்

தொடாதீங்க. உள்ள இருக்கற பணமும் போயிடும். ஏபிகே-னு முடியற எதையும் தொடாதீங்க, செயலி வேணும்னா ப்ளே ஸ்டோர்ல இருந்து மட்டும். சந்தேகம்னா 155261-க்கு அடிங்க.

கேள்வி: எங்க ஊர்ல நிலமே இல்லாதவங்களுக்கு எல்லாம் வருதுனு சொல்றாங்க. யாருக்கு வருதுனு பாக்க முடியுமா? – கடலாடி

முடியும். பிஎம் கிசான் இணையதளத்துல பயனாளிகள் பட்டியல்னு இருக்கு, மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் வரிசையா தேர்ந்தெடுத்தா ஊர்ப் பட்டியலே வந்துடும், பாஸ்வேர்டு எதுவும் வேணாம். 2020-ல தமிழ்நாட்டுல கொரோனா நேரத்துல தகுதியே இல்லாத அஞ்சு லட்சத்துக்கு மேல ஆளுங்கள சேத்து 110 கோடி ரூபா அளவுக்கு போனது ஞாபகம் இருக்கும், சிபிசிஐடி விசாரிச்சாங்க, அதுல நெறய பேருக்கு எதுக்கு பணம் வந்துச்சுனே தெரியாது, யாரோ ஆதார் கேட்டாங்க குடுத்தோம்னு சொன்னாங்க, திரும்ப வசூல் பண்ணப்ப அவங்கதான் மாட்டினாங்க. அதனால பட்டியல்ல தெரிஞ்ச பேர் எதுவும் தப்பா இருந்தா உடனே புகாருக்கு ஓடாம முதல்ல அந்த வீட்டுல போய் சொல்லுங்க, அதே தளத்துல பணத்த திருப்பிக் கட்டுறதுக்கும், வேணாம்னு தானா விலகுறதுக்கும் வழி இருக்கு. அப்படியே உங்க பேர் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கானும் பாத்துடுங்க, மாறி இருந்தா ஆதாரோட ஒத்துப்போகாம தவணை நின்னு போகலாம்.